ஜெர்மனியில் திருச்சபையை விட்டு விலகுகிறவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். இருபது வருடங்களுக்கு மேலாகக் கொலோன் நகருக்கு அருகில் குடியிருக்கிறேன். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் பூசை முடிந்து வாசலில் நிற்கையில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "வெள்ளைக்காரன் கொண்டுவந்த வேதத்தை வெள்ளைக்காரனே விட்டுட்டானாமே, நிஜமா?" அதைத் தொடர்ந்து வரும் மற்ற கேள்விகளையும் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் பக்கம் மாதா கோவில், அந்தோணியார் கோவில் என்றுதான் சொல்வோம். அதனால் இதிலும் 'கோவில்' என்று வருகிற பல இடங்களில் கிறிஸ்தவ ஆலயத்தையே குறிக்கிறேன்.

உண்மையிலேயே அவ்வளவு பேர் விலகுகிறார்களா, பத்திரிகைக்காரர்கள் பெரிதுபடுத்துகிறார்களா?

பெரிதுபடுத்தவில்லை. 2022-ல் மட்டும் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து 5,22,821 பேர் எழுதிக் கொடுத்து விலகினார்கள். அதே வருடம் புராட்டஸ்டண்ட் சபைகளை விட்டவர்கள் சுமார் 3,80,000 பேர். அதன் பிறகு வேகம் கொஞ்சம் குறைந்தது. 2024-ல் கத்தோலிக்கர் 3,21,611 பேர், புராட்டஸ்டண்டுகள் சுமார் 3,45,000 பேர். குறைந்த வருடத்திலேயே டுசல்டார்ஃப் மாதிரி ஒரு நகரத்தின் மொத்த மக்கள்தொகை அளவுக்கு ஆட்கள் போயிருக்கிறார்கள்.

1950-ல் மேற்கு ஜெர்மனியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இந்த இரண்டு சபைகளில் ஒன்றில் இருந்தார்கள். இரண்டு ஜெர்மனியும் ஒன்றானபோது எழுபது சொச்சம். 2021 முடிவில் முதல் முறையாகப் பாதிக்குக் கீழே போனது. 2024 முடிவில் கத்தோலிக்கர் 1.98 கோடி, புராட்டஸ்டண்டுகள் சுமார் 1.8 கோடி. இரண்டும் சேர்ந்து நாட்டு மக்களில் 45 சதவீதம்.

இது பெயர்க் கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற கத்தோலிக்கர் 2023-ல் 6.2 சதவீதம். 2024-ல் நாடு முழுவதும் குருப்பட்டம் பெற்றவர்கள் 29 பேர். நம்மூரில் ஒரு சில மறைமாவட்டங்களை (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், கீழ் இருக்கும் பகுதிகளை) கூட்டினாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வேன். இங்குள்ள பல பங்குகளில் (ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரங்களில்) கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த சாமியார்கள்தான் (கத்தோலிக்கக் குருக்களை அப்படித்தான் சொல்வோம்) இன்று பூசை வைக்கிறார்கள்.

'விலகுவது' என்றால் என்ன? பூசைக்குப் போகாமல் இருந்துவிட்டால் போதாதா?

போதாது. ஊரில் இருப்பவர்களுக்குப் புரியவைக்க இதுதான் கஷ்டமான இடம். இங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அது அரசாங்கப் பதிவேட்டிலும் ஏறிவிடும். அதன் பிறகு நாற்பது வருடம் கோவில் வாசலை மிதிக்காவிட்டாலும் சட்டப்படி நீங்கள் உறுப்பினர்தான்.

விலக வேண்டும் என்றால் அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டும். நான் இருக்கும் மாநிலத்தில் உள்ளூர் நீதிமன்றம். பவேரியாவில் பிறப்பு, திருமணம் பதிகிற அலுவலகம். அடையாள அட்டையைக் காட்டி, எங்கள் மாநிலத்தில் என்றால் 30 யூரோ கட்டி, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பத்து நிமிடம் ஆகும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பதினான்கு வயது ஆனவருக்கு அப்பா அம்மாவின் சம்மதம்கூடத் தேவையில்லை. 1921-லிருந்து சட்டம் அப்படி.

சாமியாரையோ போதகரையோ பார்க்கவே வேண்டியதில்லை. அவர்களுக்குச் செய்தி பிறகுதான் வரும். சிலர் ஒரு கடிதம் எழுதுவார்கள். அந்தக் கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வருவதில்லை என்று எங்கள் பங்குச் சாமியார் ஒரு நாள் வருத்தப்பட்டுச் சொன்னார்.

சபை வரி என்கிறார்களே, அது என்ன? எவ்வளவு?

நீங்கள் கட்டும் வருமான வரியின் மேல் இன்னொரு 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பேர்க்கிலும் 8 சதவீதம். சம்பளத்தில் 9 சதவீதம் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள், வரியில்தான் 9 சதவீதம். வருடத்துக்கு 6,000 யூரோ வருமான வரி கட்டுகிறவருக்குச் சபை வரி 540 யூரோ, மாதத்துக்கு 45. வருமான வரியே கட்டாத மாணவருக்கும் ஏழைக்கும் எதுவும் இல்லை. கட்டிய தொகையை அடுத்த வருட வரிக் கணக்கில் கழித்தும் காட்டலாம்.

சம்பளம் கொடுக்கிற நிறுவனமே பிடித்து வரித்துறைக்கு அனுப்பும். வரித்துறை தன் வேலைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைச் சபைகளுக்குக் கொடுக்கும். 2022-ல் இப்படி இரண்டு சபைகளுக்கும் வந்தது கிட்டத்தட்ட 1,300 கோடி யூரோ.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அர்த்தம் புரியும். பிரெஞ்சுக்காரர்கள் ரைன் நதியின் மேற்குக் கரையைப் பிடித்தபோது அங்கே நிலம் இழந்த சிற்றரசர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டியிருந்தது. 1803-ல் திருச்சபையின் நிலங்களையும் மடங்களையும் எடுத்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். சொத்து போன சபைகளை ஆட்சியாளர்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்று ஆனது. கொஞ்ச காலம் கழித்து, "உங்கள் ஆட்களிடமே வரி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று 19-ஆம் நூற்றாண்டில் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் போட்டன. 1919-ன் வைமார் அரசியல் சட்டம் அந்த உரிமையை உறுதி செய்தது. இன்றைய அரசியல் சட்டமான 1949-ன் அடிப்படைச் சட்டம் அதே வாசகங்களை அப்படியே எடுத்துக்கொண்டது.

எங்கள் ஊரிலும் கோவிலுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாண ஓலை வாசிக்கப் போகும்போது பாக்கி இருந்தால் கேட்பார்கள், சண்டைகூட வரும். ஆனால் கேட்கிறவர் சித்தப்பாவாகவோ பக்கத்துத் தெருக்காரராகவோ இருப்பார். பாக்கி வைத்தவர் பாஸ்கு நாடகத்தில் வேஷம் கட்டத்தான் செய்வார், திருவிழாவில் சப்பரம் தூக்கத்தான் செய்வார். இங்கே அந்த வரியைக் கேட்பது சம்பளச் சீட்டில் இருக்கும் ஒரு வரிசை. அதற்கு முகம் கிடையாது.

அப்படியானால் பணத்துக்காகத்தான் விலகுகிறார்கள், இல்லையா?

பலரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். நானும் சில வருடம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

வரிக்கு ஒரு பங்கு இருப்பது உண்மை. விலகுகிறவர்களில் அதிகம் பேர் இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள், முதல் சம்பளம் வாங்குகிற வயது. 2014-ல் இன்னொன்றும் நடந்தது. வட்டி, முதலீட்டு லாபத்துக்கான சபை வரியை 2015 முதல் வங்கிகளே நேராகப் பிடிக்கும் என்று வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் வந்தது. வரி புதிது இல்லை, பிடிக்கும் முறைதான் புதிது. ஆனாலும் அந்த வருடம் கத்தோலிக்கர் மட்டும் 2,17,716 பேர் விலகினார்கள். அதற்கு முந்தைய வருடம் லிம்பூர்க் ஆயர் தன் இல்ல வளாகத்துக்கு 3 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்த செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டிருந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் வங்கிக் கடிதம் வந்து சேர்ந்தது.

ஆனால் சபை வரியே இல்லாத நாடுகளைப் பாருங்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த மக்கள்தொகைக் கணக்கில், கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 2001-ல் 71.7 சதவீதம், 2021-ல் 46.2. எந்த மதமும் இல்லை என்றவர்கள் 14.8-லிருந்து 37.2. அயர்லாந்தில் கத்தோலிக்கர் 2011-ல் 84 சதவீதம், 2022-ல் 69. அமெரிக்காவில் 'எந்த மதமும் சேராதவர்' இன்று பெரியவர்களில் பத்தில் மூன்று பேர் அளவுக்கு வந்துவிட்டார்கள். அங்கெல்லாம் நீதிமன்றத்துக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை, எந்த அலுவலகத்துக்கும் போகாமலே நகர்ந்துவிடுகிறார்கள். ஜெர்மனியில் விலகியவருக்கு ஒரு தாளும் தேதியும் இருப்பதால் கணக்கு நம் கண்ணில் படுகிறது. எந்த மாதம் விலகுவது என்பதை வரி முடிவு செய்யலாம். விலகும் மனம் அதற்குப் பல வருடம் முன்பே வந்திருக்கும்.

சாமியார்கள் செய்த பாலியல் குற்றங்களால்தான் இவ்வளவும் என்கிறார்களே?

இதைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

2010 ஜனவரியில் பெர்லினில் உள்ள இயேசு சபையினரின் கனிசியஸ் பள்ளியில் முன்பு நடந்த கொடுமைகள் வெளியே வந்தன. அந்தப் பள்ளியின் தலைவராக இருந்த கிளாவுஸ் மெர்டஸ் என்ற குருவே பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதி அதைத் திறந்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு ஊராக ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். ஆயர்களே கேட்டுக்கொண்டு நடந்த ஆய்வு 2018-ல் வந்தது. 1946 முதல் 2014 வரையான கோப்புகளில் 3,677 சிறுவர் சிறுமியர், குற்றம் சாட்டப்பட்ட 1,670 குருக்களும் துறவிகளும் திருத்தொண்டர்களும். கோப்பில் வந்தது அவ்வளவு. கோப்பு ஏறாதது எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

கொலோனில் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கர்தினால் வோல்கி தன் மறைமாவட்டத்தைப் பற்றி ஒரு சட்ட அலுவலகத்திடம் அறிக்கை கேட்டார். அது தயாரானதும், சட்டப்படி அதில் குறை இருக்கிறது என்று சொல்லி 2020-ல் வெளியிடாமல் நிறுத்தினார். வேறொரு வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கிய அறிக்கை 2021 மார்ச்சில் வந்தது. வோல்கி கடமை தவறியதாக அது சொல்லவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் முதல் அறிக்கையை நிறுத்திய அந்த மாதங்களில் மக்கள் மனம் உடைந்துவிட்டது. சபையை விட்டு விலகுவதற்கான நீதிமன்ற முன்பதிவு மாதக் கணக்கில் நிறைந்து கிடந்தது, நீதிமன்றம் இடங்களை அதிகப்படுத்த வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் மியூனிக் மறைமாவட்டத்தைப் பற்றி இதேபோல ஓர் அறிக்கை வந்து, முன்னாள் போப் பதினாறாம் பெனடிக்ட் அங்கே பேராயராக இருந்த காலத்தையும் தொட்டது. அந்த வருடத்துக் கணக்குதான் நான் மேலே சொன்ன ஐந்தே கால் லட்சம்.

இந்த அலையில் போனவர்கள் எப்போதோ ஞானஸ்நானம் வாங்கிவிட்டு மறந்தவர்கள் மட்டும் இல்லை. எங்கள் பங்கில் முப்பது வருடம் முதல் நன்மைக்கு (முதல் முறை நற்கருணை வாங்குவதற்கு) பிள்ளைகளைத் தயார் செய்த ஒரு அம்மா போனார். பாடகர் குழுவில் இருந்த ஒருவர் போனார். அவர்கள் வரியைப் பார்த்துப் போகவில்லை, வெட்கத்தில் போனார்கள். "என் பெயர் இந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டாம்" என்று அந்த அம்மா சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆனால் இது மட்டுமே காரணம் என்றால் புராட்டஸ்டண்டுகள் ஏன் போகிறார்கள் என்ற கேள்வி நிற்கும். அவர்கள் சபைகளைப் பற்றிய பெரிய ஆய்வு 2024 ஜனவரியில்தான் வந்தது. குறைந்தது 2,225 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள், அதிலும் அதிர்ச்சி இருந்தது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டு முன்பிருந்தே, பெண் போதகர்களும் திருமணமான போதகர்களும் இருந்த அந்தச் சபைகளிலிருந்து கத்தோலிக்கரை விட அதிகம் பேர் வெளியேறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

விலகியவர்கள் எல்லாம் நாத்திகர்களா?

எழுதிக் கொடுத்து விலகிய பிறகும் தினமும் செபம் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் "சபையைத்தான் விட்டார்கள், கடவுளை விடவில்லை" என்று பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்வது பாதிதான் சரி.

2023 நவம்பரில் இரண்டு சபைகளும் சேர்ந்து ஒரு பெரிய கருத்தாய்வை வெளியிட்டன. மக்களில் 56 சதவீதம் பேர் மதம் சாராத மனநிலையில் இருக்கிறார்கள். 25 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு நம்பிக்கை இருக்கிறது, எட்ட நிற்கிறார்கள். சபையோடு ஒட்டிய விசுவாசம் உள்ளவர்கள் 13 சதவீதம். யோகம், கல், நட்சத்திரம் என்று வேறு வழிகளில் தேடுகிறவர்கள் 6 சதவீதம். அந்தச் சமயத்தில் நாட்டில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இன்னும் சபைப் புத்தகத்தில் இருந்தார்கள், சபைக்கு வெளியே இருந்த மீதிப் பேரில் லட்சக்கணக்கான முஸ்லிம்களும் உண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தால், பெயர் புத்தகத்தில் இருக்கிறவர்களிலும் நிறையப் பேருக்கு விசுவாசம் எப்போதோ போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

அவர்கள் கடவுளை எதிர்ப்பவர்களும் இல்லை. பெரியார் திடலில் நிற்பவர்போல வாதாட வரமாட்டார்கள். என் அலுவலக நண்பர் ஒருவரிடம் கடவுள் உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அதைப் பற்றி நான் நினைத்துப் பார்ப்பதே இல்லை" என்றார். மறுப்பைவிட இது எனக்குக் கனமாக இருந்தது. மறுக்கிறவரோடு பேசவாவது ஏதாவது இருக்கும்.

கிழக்கு ஜெர்மனியில் கிறிஸ்தவர்களே இல்லை என்பது உண்மையா?

இருக்கிறார்கள், மிகக் குறைவாக. 1949-ல் கம்யூனிஸ்ட் அரசு வந்தபோது அங்கே பத்தில் ஒன்பது பேர் சபைகளில் இருந்தார்கள். 1990-ல் அந்த நாடு மறைந்தபோது சுமார் 30 சதவீதம். நாற்பதே வருடம்.

கோவில்களை இடித்துத் தள்ளியோ எல்லாரையும் சிறையில் போட்டோ இதைச் செய்யவில்லை (இடித்ததும் சிறையும் ஓரளவு உண்டு). முக்கியமான வேலையைச் செய்தது ஒரு விழா. பதினான்கு வயதில் புராட்டஸ்டண்ட் பிள்ளைகளுக்கு உறுதிப்படுத்தல் சடங்கு நடக்கும். புது உடுப்பு, விருந்து, உறவினர்களின் பரிசு எல்லாம் உண்டு. அதே வயதில், அதே பரிசு விருந்தோடு, சாமி இல்லாத 'இளைஞர் விழா' ஒன்றை 1954-ல் அரசு கொண்டுவந்தது. அதற்குப் போகாத பிள்ளைக்கு மேல்படிப்பு கிடைப்பது கஷ்டம். பெற்றோர் என்ன செய்வார்கள்? முதலில் இரண்டு விழாவுக்கும் அனுப்பினார்கள், அப்புறம் ஒன்றுக்கு மட்டும். அந்தப் பிள்ளைகள் பெற்றோரானபோது ஞானஸ்நானமே நினைவுக்கு வரவில்லை. பெர்லின் சுவர் விழுந்து முப்பத்தைந்து வருடம் தாண்டியும் அந்த விழா இன்றும் அங்கே நடக்கிறது, யாரும் கட்டாயப்படுத்தாமலே.

இதில் ஒரு வேதனை இருக்கிறது. அந்த அரசை அசைத்த போராட்டம் லைப்சிக் நகரின் நிக்கோலாஸ் ஆலயத்தில் திங்கட்கிழமை தோறும் நடந்த சமாதான செபத்திலிருந்துதான் வளர்ந்தது. 1989 அக்டோபர் 9 அன்று 70,000 பேர் மெழுகுவர்த்தியோடு தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுடவில்லை. ஒரு மாதத்தில் சுவர் திறந்தது. கோவில்கள் அன்று நிரம்பி வழிந்தன, விடுதலை வந்ததும் காலியாகிவிட்டன.

தமிழ் கிறிஸ்தவர்களுக்கு இந்த மண்ணோடு ஒரு கடன் உண்டு. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய புராட்டஸ்டண்ட் போதகர் சீகன்பால்கு பிறந்தது சாக்சனியில் உள்ள புல்ஸ்நிட்ஸ். அவரைத் தாங்கியதும், தமிழ் எழுத்து வார்த்து அச்சகத்துக்கு அனுப்பியதும் ஹாலே நகரத்துப் பக்தர்கள். தமிழில் புதிய ஏற்பாடு முதலில் அச்சானது அந்த உதவியால்தான். இன்று ஹாலே இருக்கும் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில், புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழி திறந்த லூத்தரின் ஊரான விட்டன்பேர்க் இருப்பதும் அதே மாநிலம்தான், ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எந்தச் சபையிலும் இல்லை. ஹாலேயில் அந்தப் பழைய கட்டடங்களுக்கு முன் நின்றபோது, தரங்கம்பாடியில் ஞாயிற்றுக்கிழமை கேட்கும் பாட்டு ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

சரி, உங்கள் கணிப்பில் உண்மையான காரணம் எது?

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் இடத்தில் அறுந்துபோகிறது. என் பதில் இதுதான்.

பக்கத்து வீட்டில் மூன்று தலைமுறை இருக்கிறது. பாட்டி ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போவார். மகள் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போவார், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், முதல் நன்மை வாங்க வைத்தார். வீட்டில் செபம் சொன்னதில்லை. பேத்திக்குக் கோவில் என்றால் பாட்டியோடு போன இடம். அவள் படித்து வேலைக்குப் போனதும் விலகிவிட்டாள். குடும்பத்தில் சண்டை வரவில்லை, யாரும் அழவில்லை. பாட்டிக்கு மட்டும் சொல்லவில்லை.

2019-ல் ஃப்ரைபூர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். 2017-ல் இரண்டு சபைகளிலும் 4.48 கோடி பேர், இப்படியே போனால் 2060-ல் 2.27 கோடி. இந்தச் சரிவில் பாதிக்கு மேல் வயதானவர்கள் இறப்பதால் வருவதில்லை, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காததாலும் இளைஞர்கள் விலகுவதாலும் வருகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. 2023-ல் கத்தோலிக்கக் கோவில்களில் ஞானஸ்நானம் சுமார் 1,31,000, அடக்கம் சுமார் 2,26,000.

முன்பு விசுவாசத்தைத் தாங்கியது வீடு மட்டும் இல்லை. ரைன் பக்கத்து கிராமத்தில் பள்ளிக்கூடம், தொழிலாளர் சங்கம், பாட்டுக் குழு, யாரைக் கட்டுவது என்பது வரை கத்தோலிக்கம் என்ற ஒரே வேலிக்குள் இருந்தது. போருக்குப் பிறகு அகதிகள் வந்து கலந்தார்கள், தொழிற்சாலை வந்தது, கார் வந்தது, கத்தோலிக்கப் பையன் புராட்டஸ்டண்ட் பெண்ணைக் கட்டினான். வேலி போனது நல்லதுதான், எத்தனையோ பேரை அது நெரித்திருக்கிறது. 1968-ல் செயற்கைக் கருத்தடையைப் போப் மறுத்தபோது வீட்டில் செபம் சொல்லிக் கொடுத்த பெண்களே மனத்தளவில் தள்ளி நின்றார்கள். அம்மா தள்ளி நின்றால் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பார்?

விலகினால் எதை இழக்கிறார்கள்?

2012 செப்டம்பரில் ஜெர்மன் ஆயர்கள் ஓர் ஆணை போட்டார்கள். விலகியவர் நன்மை வாங்க முடியாது, பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, ஞானப்பெற்றோராக நிற்க முடியாது, மனம் மாறிய அடையாளம் ஏதும் இல்லாமல் இறந்தால் கோவில் அடக்கம் மறுக்கப்படலாம். "வரி கட்ட மாட்டேன், ஆனால் கத்தோலிக்கனாகவே இருப்பேன்" என்று ஃப்ரைபூர்க்கைச் சேர்ந்த ஹார்ட்மூட் ட்ஸாப் என்ற திருச்சபைச் சட்டப் பேராசிரியர் வழக்குப் போட்டார். அதே மாதம் லைப்சிக்கில் உள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம் அப்படிப் பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பணத்தையும் நற்கருணையையும் இவ்வளவு இறுக்கமாகக் கட்டியது எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பங்கில் சாமியார் நன்மை கொடுக்கும்போது யாரிடமும் ரசீது கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை விஷயம் இன்னொன்று. கத்தோலிக்கரின் கரித்தாஸும் புராட்டஸ்டண்டுகளின் டியகோனியும் என்ற இரண்டு தொண்டு அமைப்புகளும் சேர்ந்து பத்து லட்சம் பேருக்கு மேல் வேலை கொடுக்கின்றன. மருத்துவமனை, முதியோர் இல்லம், மழலையர் பள்ளி எல்லாம் உண்டு. மறுமணம், ஒருபால் உறவு போன்றவை இனி வேலைக்குத் தடை இல்லை என்று 2022-ல் கத்தோலிக்க ஆயர்கள் விதியை மாற்றினார்கள். சபையை விட்டு விலகுவது இன்னும் பிரச்சினைதான். அங்கே செவிலியராக வேலை பார்க்கும் நம் பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

காலியான கோவில்களை என்ன செய்கிறார்கள்?

எசன் மறைமாவட்டம் 2006-ல் 96 கோவில்களைக் கைவிட முடிவெடுத்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் காசு சேர்த்துக் கட்டியவை அவற்றில் பல. பீலஃபெல்டில் ஒரு புராட்டஸ்டண்ட் ஆலயம் உணவகம் ஆனது. ஹாம்பூர்க்கில் கப்பர்நாகூம் ஆலயம் பள்ளிவாசல் ஆனது. அது தொழுகை இடமாகவே தொடர்வதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆகன் நகரில் புனித சூசையப்பர் கோவிலை அஸ்திக் கலசங்கள் வைக்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். உள்ளே மெல்லிய வெளிச்சம், பெயர் பொறித்த கல் அடுக்குகள். பூசைக்கு வராத குடும்பங்கள் இறந்தவர்களைத் தேடி அங்கே வருகிறார்கள்.

அங்கே இருக்கும் தமிழர்களும் விலகுகிறார்களா?

முதல் தலைமுறை பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் உள்ள கேவலார் மாதாவிடம் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கூடுகிறார்கள். ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் 1980களின் இறுதியில் தொடங்கியது. மடு மாதாவுக்குப் போக முடியாதவர்கள் இந்த மாதாவிடம் வந்தார்கள். சைவக் குடும்பங்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். 1642-லிருந்து யாத்திரை நடக்கும் அந்த ஊரின் பெரிய கூட்டங்களில் இன்று நம்முடையதும் ஒன்று. அதேபோல ஹாம் நகரத் தொழிற்பேட்டையில் 2002-ல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோவிலின் தேருக்கும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், அங்குள்ள கால்வாயில் தீர்த்தம் ஆடுகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றித்தான் பயம். கேவலாருக்குக் காரில் ஏறி வருகிறார்கள், தோழர்களைப் பார்க்கிறார்கள், கொத்து ரொட்டி சாப்பிடுகிறார்கள். தமிழில் பிரசங்கம் நடக்கும்போது பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள், மொழி புரியவில்லை.

வேலைக்கு ஜெர்மனி போகிறேன். முகவரி பதியும் படிவத்தில் மதம் கேட்கிறார்கள், என்ன எழுத வேண்டும்?

உண்மையை எழுதுங்கள், விளைவு தெரிந்து எழுதுங்கள். கத்தோலிக்கர் என்று எழுதினால் சம்பளத்தில் சபை வரி பிடிப்பார்கள். ஞானஸ்நானம் ஊரில் வாங்கியிருந்தாலும் இங்கே உறுப்பினர்தான். சி.எஸ்.ஐ., தமிழ் லுத்தரன் சபைக்காரர்கள் 'எவாங்கெலிஷ்' என்று எழுதினால் இங்குள்ள புராட்டஸ்டண்ட் சபையில் பதிவாகி வரி வரலாம். இந்து, முஸ்லிம், பெந்தெகொஸ்தே சபையினருக்கு இந்த வரி இல்லை.

தெரிந்தவர் சொன்னார் என்று 'மதம் இல்லை' எனப் போட்டுவிட்டு, பிறகு கல்யாணத்துக்கோ குழந்தையின் ஞானஸ்நானத்துக்கோ பங்குக்கு வந்து திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விலகியவர் திரும்பி வர முடியுமா?

முடியும். பங்குச் சாமியாரிடமோ போதகரிடமோ பேசினால் போதும், எளிய சடங்குதான். மறுபடி ஞானஸ்நானம் கிடையாது. வருடத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் திரும்புகிறார்கள்.

உங்கள் வீட்டில்?

மூத்த மகள் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். முதல் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து அந்த வரிசையில் விரலை வைத்து, "அப்பா, இது எதுக்கு?" என்றாள். மழலையர் பள்ளி, தொலைபேசி ஆலோசனை, முதியோர் இல்லம், பாட்டுக் குழு என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அதெல்லாம் சரி, நீங்க எதுக்குப் போறீங்க?" என்றாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அம்மா இறந்த வருடம், ஊருக்குப் போக முடியாமல் இங்கே பனியில் நின்றபோது, பேர்கூடத் தெரியாத நாலு ஜெர்மன் பாட்டிகள் எனக்காக உட்கார்ந்து செபமாலை சொன்னதைச் சொன்னேன். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை.

அவள் இன்னும் விலகவில்லை. இருப்பேன் என்றும் சொல்லவில்லை. போன மாதம் மிச்சமிருந்த பாட்டிகளில் ஒருவரை முதியோர் இல்லத்தில் பார்க்கப் போனபோது தானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டாள்.